பாங்காக்கில் அரண்மனையும் சந்தையும்: சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் நேரடி விமானம் ஏறினால் நாலு மணி நேரத்துக்குள் பாங்காக். அதனாலோ என்னவோ, முதல் வெளிநாட்டுப் பயணமாக அந்த ஊருக்குக் கிளம்புகிறவர்கள் நம் பக்கம் நிறைய. சொந்தக்காரர்களும் ஆபீஸ் நண்பர்களும் டிக்கெட் போட்டதும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கட்டணம், நேரம் எல்லாம் மாறக்கூடியவை. கிளம்பும் முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பாங்காக் என்றாலே ஷாப்பிங்தானே? பழைய இடம் என்று பார்க்க என்ன இருக்கிறது?

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. அந்த ஊரில் அரண்மனையும் கடைத்தெருவும் ஒன்றாகவே பிறந்தவை.

1767-ல் பர்மியப் படை பழைய தலைநகரான ஆயுத்தயாவை எரித்துவிட்டுப் போனது. தப்பிய தளபதி தக்சின், சாவோ பிரயா ஆற்றின் மேற்குக் கரையில் தோன்புரியைத் தலைநகராக்கினார். 1782-ல் பட்டத்துக்கு வந்த முதலாம் ராமா, தலைநகரை எதிர்க்கரைக்கு மாற்றினார். அங்கே அப்போது குடியிருந்தவர்கள் சீன வணிகர்கள். அரண்மனைக்கு இடம் வேண்டும் என்று அவர்களைக் கொஞ்சம் தெற்கே, மதிலுக்கு வெளியே நகர்த்தினார்கள். அவர்கள் போய்க் கடை போட்ட இடம்தான் சம்பெங். இன்றைக்கும் மொத்த வியாபாரம் நடக்கிற அதே சம்பெங்.

அரண்மனை, வாட் போ (வாட் என்றால் கோயில்), பூச்சந்தை, பஹுராட் துணிக் கடைத்தெரு, சம்பெங், சீனர் பகுதியின் பெரிய தெருவான யாவராட், தங்கப் புத்தர் கோயில் எல்லாம் ஆற்றை ஒட்டி ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும். காலில் தெம்பு இருந்தால் நடந்தே பார்த்துவிடலாம். டூர் பேக்கேஜ்காரர்கள் இதை 'சிட்டி டூர்' ஒரு நாள், 'ஷாப்பிங்' ஒரு நாள் என்று வெட்டி, நடுவே வேனில் ஏற்றி எங்கெங்கோ சுற்றிக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

எத்தனை நாள் வேண்டும்? எதை எப்போது பார்ப்பது?

பழைய நகருக்கு மட்டும் இரண்டு முழு நாள். ஆயுத்தயாவுக்கு ஒன்று, வார இறுதிச் சந்தைக்கு ஒன்று. நாலு நாள் இருந்தால் ஓடாமல் பார்க்கலாம்.

நாளை விட முக்கியம் மணி. அரண்மனை காலை 8.30-க்குத் திறந்து பிற்பகல் 3.30-க்கே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடும். சம்பெங் பகலில்தான் சம்பெங். யாவராட் சாப்பாட்டுக் கடைகள் இருட்டின பிறகுதான் களை கட்டும். பூச்சந்தை நள்ளிரவில் உச்சம். வார இறுதிச் சந்தையான சட்டுச்சக் சனி, ஞாயிறு. அம்பாவா மிதக்கும் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில். இதைத் தெரிந்துகொள்ளாமல் செவ்வாய்க்கிழமை போய் இறங்கி வெள்ளிக்கிழமை காலை திரும்புகிற மாதிரி டிக்கெட் போட்டால் பாதிச் சந்தை கைவிட்டுப் போகும். வியாழன் இரவு கிளம்பி செவ்வாய் திரும்பிப் பாருங்கள், எல்லாம் அடங்கும்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மே முதல் அக்டோபர் வரை மழை. ஏப்ரல் கடும் வெயில்; சென்னைக்காரர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்களுடைய புத்தாண்டு, சொங்க்ரான். தெருவெல்லாம் தண்ணீர் அடித்து விளையாடுவார்கள். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் பல கடைகள் மூடியிருக்கும், போனும் பாஸ்போர்ட்டும் நனையும்.

விசா?

இந்தியர்கள் விசா எடுக்காமலே போகும் சலுகை 2023 நவம்பரில் தொடங்கியது. அதன் விதிகள் அவ்வப்போது மாறுகின்றன என்பதால் டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது போலி.

அரண்மனைக்கு என்ன உடுத்த வேண்டும்? அத்தைக்குப் புடவை சரிப்படுமா?

விதி இவ்வளவுதான்: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், துணி உடம்பு தெரிகிற மாதிரி இருக்கக் கூடாது. ஷார்ட்ஸ், கிழிசல் ஜீன்ஸ், கையில்லாத பனியன் வாசலிலேயே நிற்கும். கையில்லாத சட்டை மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நுழையப் பார்ப்பதும் எடுபடாது. கை வைத்த சுடிதார் போட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். எங்கள் பெரம்பூர் அத்தை புடவையில்தான் போனார், தடையில்லை. ஆனால் வியர்வையில் நனைந்த புடவையோடு படி ஏறி இறங்கின அன்று ராத்திரி, அடுத்த நாளுக்குச் சுடிதார் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சட்டென்று கழற்றி மாட்டுகிற மாதிரி செருப்பு போட்டுப் போங்கள். ஷூ லேஸ் கட்டிக் கட்டி அவிழ்க்கிற வேலை அங்கே நாள் பூராவும் இருக்கும்.

வாசலில் ஒருவர் 'இன்றைக்கு அரண்மனை லீவு' என்றால்?

நம்பாதீர்கள். சிரித்துவிட்டு நடங்கள்.

இது பல வருஷமாக நடக்கிற ஏமாற்று வேலை. நல்ல சட்டை போட்ட ஒருவர் நல்ல ஆங்கிலத்தில் வந்து, 'இன்று புத்தர் விசேஷம், மதியம்தான் திறப்பார்கள், அதுவரை இந்த டுக் டுக் ஆட்டோவில் 20 பாத்துக்கு நாலு கோயில் சுற்றிக் காட்டுவார்' என்பார். நாலு கோயிலில் ஒன்றோ இரண்டோ நிஜம். அப்புறம் ஒரு ரத்தினக் கடை, ஒரு தையல் கடை. 'அரசாங்கத் தள்ளுபடி, இன்றே கடைசி' என்று சொல்லி, 'சென்னையில் இரண்டு மடங்குக்கு விற்கலாம்' என்று ஆசை காட்டுவார்கள். டுக் டுக்காரருக்குக் கமிஷன். நேராக டிக்கெட் கவுன்ட்டருக்குப் போய்ப் பார்த்தால் ஊரே வரிசையில் நிற்கும்.

அரண்மனைக்குள் என்ன பார்ப்பது? டிக்கெட்டுக்கு 500 பாத் கொடுக்கிற அளவுக்கு இருக்கிறதா?

இருக்கிறது, ராமாயணக் கதை தெரிந்தவர்களுக்குக் கூடுதலாகவே இருக்கிறது. ஒரு பாத்துக்கு மூன்று ரூபாய் என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டால் தலைக்குச் சுமார் 1500 ரூபாய்.

எல்லாரும் நேரே அரண்மனை வளாகத்துக் கோயிலில் இருக்கும் மரகத புத்தரைப் பார்க்கப் போவார்கள். சிலை சின்னது, 66 சென்டிமீட்டர்தான், உயரத்தில் இருக்கும். செதுக்கியது மரகதத்தில் அல்ல, பச்சை ஜேட் கல்லில். கோடை, மழை, குளிர் என்று வருஷத்துக்கு மூன்று முறை மன்னரே வந்து அலங்காரம் மாற்றுவார். சன்னதிக்குள் போட்டோ எடுக்கக் கூடாது. காலை புத்தர் பக்கம் நீட்டாமல் மடக்கி உட்காருங்கள்.

ஆனால் நான் போனால் அதிக நேரம் நிற்பது வெளிப் பிராகாரத்தில். சுற்றிலும் ராமகியன், அதாவது தாய்லாந்து ராமாயணம், 178 சுவரோவியங்களாக ஓடுகிறது. ஜனகர் உழும்போது சீதை கிடைப்பதில் ஆரம்பித்து வலமாகச் சுற்றி வர வேண்டும். வழிகாட்டி வேண்டாம், கதையை நீங்களே குழந்தைகளுக்குச் சொல்லலாம். கொஞ்ச தூரம் போனதும் மாட்டிக்கொள்வீர்கள். நம் ஆஞ்சநேயர் பிரம்மச்சாரி. அங்கே வெள்ளைக் குரங்கு ஹனுமான் பெரிய காதல் மன்னன். கடலுக்குப் பாலம் போடும்போது கற்களைத் திருடிப்போகிற மீன் கன்னி சுவன்னமச்சா, ராவணனின் மகள். அவளைப் பிடிக்கப் போன ஹனுமான் அவளையே காதலித்துப் பிள்ளையும் பெற்றுக்கொள்கிறார். விபீஷணனின் மகள் பெஞ்யகாயியோடும் இதே கதை. மாம்பலத்தில் சுந்தர காண்டம் பாராயணம் செய்கிற மாமா ஒருவரிடம் இதைச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

கோயில் வாசல்களைக் காவல் காக்கும் பெரிய அரக்கர்களில் பச்சை நிறத்தவர் நம் ராவணன். அங்கே அவர் பெயர் தோட்சகன்.

டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள். சாலா சலெர்ம்க்ருங் அரங்கில் வார நாட்களில் நடக்கும் கோன் முகமூடி நடனத்துக்கும், அரசி சிரிகிட் துணி அருங்காட்சியகத்துக்கும் அதுவே அனுமதி. பட்டு பிடித்தவர்கள் அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது, உள்ளே ஏசியும் உண்டு.

வாட் போ, வாட் அருண் இரண்டும் வேண்டுமா? ஒன்று போதாதா?

ஒன்றுதான் முடியும் என்றால் வாட் போ. சயனக் கோலத்தில் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரத்துக்குப் பொன் பூசிய புத்தர். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். பின்பக்கம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போகலாம், குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். தாய் மசாஜுக்குப் பேர்போன பள்ளியும் இதே வளாகத்தில்தான். அரண்மனை நடையில் கால் விட்டுப்போனவர்களுக்கு அது உதவும்.

வாட் அருண் ஆற்றின் அந்தக் கரையில். தா தியன் படகுத்துறையிலிருந்து 5 பாத்துக்குப் படகு. கோபுரம் முழுக்க உடைந்த பீங்கான் துண்டுகளால் பூ வேலை. படிகள் செங்குத்து, மூட்டு வலி இருப்பவர்கள் கீழேயே நின்று பார்த்தால் போதும்.

நம்ம ஊர் சம்பந்தம் ஏதாவது உண்டா?

உண்டு, நிறைய பேர் அதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

சிலோம் சாலையில் மகா மாரியம்மன் கோயில். 1879-ல் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. உள்ளூர்க்காரர்கள் இதை வாட் கெக் என்பார்கள், டாக்சிக்காரரிடம் அப்படியே சொல்லுங்கள். கோபுரம் நம் கோபுரம்தான். கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள். நவராத்திரி முடிவில் அம்மன் ஊர்வலம் வரும்போது சிலோம் சாலையையே அடைத்துவிடுவார்கள்.

இன்னொன்று பெரிய ஊஞ்சல். வாட் சுதாட் கோயிலுக்கு எதிரே, 20 மீட்டருக்கு மேல் உயரத்தில் சிவப்பாக நிற்கும் இரண்டு தேக்குக் கம்பங்கள். 1784-ல் முதலாம் ராமா நிறுவியது. மார்கழி விழாவில் பிராமணர்கள் இதில் ஊஞ்சல் ஆடுவார்கள். ஆபத்தானது என்று 1935-க்குப் பிறகு ஆட்டம் நின்றுவிட்டது, வழிபாடு நிற்கவில்லை. பக்கத்துத் தேவசதான் கோயிலில் அரசவைப் பிராமணர்கள் அந்த விழாவில் இன்றும் பாடுவது நம் திருவெம்பாவை. உச்சரிப்பு வெகுவாக மாறிவிட்டது, பொருள் அவர்களுக்கே தெரியாது. விழாவின் பெயர் திரியம்பவாய். மாணிக்கவாசகர் எங்கே, சாவோ பிரயா எங்கே என்று தோன்றும். அரண்மனையிலிருந்து ஆட்டோ தூரம்தான்.

பூச்சந்தை என்கிறார்களே, பூவில் என்ன பார்க்க இருக்கிறது?

பாக் க்லோங் தலாட். எனக்கு பாங்காக்கில் பிடித்த இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன்.

24 மணி நேரமும் திறந்திருக்கும். இரவு பதினொன்றுக்கு மேல் லாரிகள் வந்து இறங்க ஆரம்பிக்கும். செவ்வந்தியும் சாமந்தியும் மல்லி மொட்டும் மூட்டை மூட்டையாக. பாரிமுனைப் பூக்கடைத் தெருவில் விடியற்காலையில் நடந்தவர்களுக்கு அந்த ஈர வாசனை பழகினது. வேலைப்பாடு மட்டும் வேறு. நாம் நாரில் முடிச்சுப் போட்டுத் தொடுப்போம். அவர்கள் நீண்ட ஊசியில் மொட்டு மொட்டாகக் கோத்து, சுழல் சுழலாக வடிவம் கொண்டு வந்து, நுனியில் ரோஜாவும் குஞ்சமும் தொங்கவிடுவார்கள். தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்து வைக்கிற பாட்டிகளின் கை வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். சென்னைக் கல்யாண மேடைகளில் பார்க்கிற ஆர்க்கிட் பூக்களில் பலவும் தாய்லாந்திலிருந்து வருகிறவை. இங்கே அவற்றைக் கட்டுக் கட்டாகப் பார்க்கலாம்.

சனம் சாய் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். வண்டி தள்ளிக்கொண்டு வருகிறவர்களுக்கு வழி விடுங்கள், நடுவில் நின்று செல்பி எடுக்காதீர்கள். அது அவர்கள் பிழைப்பு நேரம். ஒரு மாலை வாங்கினால் 20, 30 பாத்துக்குள் முடியும். வாங்கிக்கொண்டு எடுத்தால் முகம் சுளிக்கமாட்டார்கள்.

சம்பெங்கில் எதை வாங்கலாம்? பஹுராட் போகணுமா?

சம்பெங் மொத்தக் கடைச் சந்து. கிளிப், பொத்தான், பொம்மை, பாசி மணி, பரிசுப் பொருள். டஜன் கணக்கில் எடுத்தால்தான் விலை. கொலுவுக்குத் தாம்பூலப் பை போடுகிறவர்களுக்குச் சொர்க்கம். சந்து குறுகல், நடுவில் ஸ்கூட்டர் வேறு வரும், பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். பஹுராட் துணிக்கும் ஜரிகைக்கும். சீக்கியர்களின் குருத்துவாரா அங்கே பொன் கூரையோடு நிற்கிறது. இந்தியச் சாப்பாடு தேடுகிறவர்களுக்கு அந்தத் தெரு ஆறுதல். நம் ஊரில் கிடைக்கிற அதே புடவையை அங்கே போய் வாங்காதீர்கள்.

அந்தப் பக்கம் போனால் வாட் திரைமிட் பார்த்துவிடுங்கள். ஐந்தரை டன் தங்கப் புத்தர். வெகுகாலம் சுண்ணம் பூசி மறைத்திருந்தார்கள், யாருக்கும் தெரியவில்லை. 1955-ல் இடம் மாற்றும்போது கயிறு அறுந்து விழுந்து, பூச்சு உடைந்து உள்ளே தங்கம் தெரிந்தது.

சட்டுச்சக் பெரியது என்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

27 பிரிவு, 15,000 கடைக்கு மேல். 1982 வரை இந்த வாரச் சந்தை அரண்மனைக்கு எதிரே சனம் லுவாங் மைதானத்தில் நடந்தது. அங்கிருந்துதான் இங்கே மாற்றினார்கள். மோ சிட் ரயில் நிலையத்தில் இறங்கினால் எதிரே.

காலை ஒன்பதரைக்குப் போய் மதியம் ஒரு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். தகரக் கூரைக்கு அடியில் மதியம் நிற்க முடியாது. பிடித்த பொருளைப் பிறகு வந்து வாங்கலாம் என்று விடாதீர்கள், அந்தக் கடையை மறுபடி கண்டுபிடிக்க முடியாது. நடுவில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. குடும்பம் பிரிந்தால் அங்கே கூடுவதாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு அங்கே இருந்தால், ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும்போது எல்லாரும் நிற்பார்கள், நீங்களும் நின்றுவிடுங்கள். காலை எட்டு மணிக்கும் பொது இடங்களில் இதே வழக்கம்.

துணி மொத்தமாக வேண்டுமானால் சட்டுச்சக் வேண்டாம், பிரதுனாம் போங்கள். வெளிநாட்டிலிருந்து சாமான் சுமந்து வந்து விற்கிற சென்னைக் 'குருவிகள்' பல வருஷமாகச் சரக்கு எடுக்கிற இடம். ஒரே ரகத்தில் மூன்று எடுத்தாலே மொத்த விலை சொல்லும் கடைகள் ஏராளம்.

மிதக்கும் சந்தை கட்டாயமா?

டாம்நோன் சடுவாக் என்றால், என் பதில் வேண்டாம். பாங்காக்கிலிருந்து 100 கிலோமீட்டர், விடியற்காலையில் எழுந்து போக வேண்டும், போனால் படகுக்குப் படகு சுற்றுலாக்காரர்கள்தான் முட்டிக்கொள்வார்கள். அந்தக் கால்வாய் 1860-களில் நான்காம் ராமா காலத்தில் வெட்டியது, பழையதுதான். ஆனால் இன்று உள்ளூர்க்காரர்கள் அங்கே கத்தரிக்காய் வாங்கப் போவதில்லை.

அம்பாவா பரவாயில்லை. பாங்காக்வாசிகளே குடும்பத்தோடு வருகிற இடம். போகிற வழியில் மேக்லோங் ரயில் சந்தையைச் சேர்த்துக்கொள்ளலாம். தண்டவாளத்தின் மேலேயே காய்கறி, மீன் பரப்பியிருப்பார்கள். ரயில் வரும் சத்தம் கேட்டதும் கூரைத் துணிகளை மடக்கிக் கூடைகளை இழுத்துக்கொள்வார்கள், ரயில் போன மறு நிமிஷம் பழையபடி விரித்துவிடுவார்கள். ஒரு நாளைக்குச் சில தடவைதான் ரயில், நேரம் பார்த்துப் போங்கள்.

பேரம் பேசலாமா? பாதி விலைக்குக் கேட்கலாமா?

தெருக்கடை, சட்டுச்சக், இரவுச் சந்தைகளில் பேசலாம். விலை ஒட்டிய கடை, சாப்பாட்டுக் கடை, பூக்கடையில் வேண்டாம். ரங்கநாதன் தெரு வேகத்தில் பாதியிலிருந்து ஆரம்பித்தால் அவர்கள் பதிலே சொல்லாமல் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பத்து, இருபது சதவீதம் குறைவது வழக்கம். இரண்டு மூன்றாக எடுத்தால் இன்னும் இறங்கும். 'தாவ் ராய்?' என்றால் எவ்வளவு, 'லொத் தாய் மாய்?' என்றால் குறைக்க முடியுமா. பெண்கள் கடைசியில் 'கா' என்றும் ஆண்கள் 'கிராப்' என்றும் சேர்த்தால் மரியாதை. குரலை உயர்த்தினால் காரியம் கெட்டது. விலை ஒத்துக்கொண்ட பிறகு வேண்டாம் என்று நடப்பதும் அங்கே அசிங்கம்.

சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகள் 'ஜே' கடைகள். இறைச்சி, மீன், முட்டை எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டுகூட இல்லை. சாதாரணக் கடையில் காய்கறிச் சாதம் கேட்டால் மீன் சாஸ் ஊற்றிவிடுவார்கள். அதனால் 'கின் ஜே' என்று சொல்லிப் பாருங்கள், அல்லது தாய் எழுத்தில் போனில் வைத்துக் காட்டுங்கள். பழம் தாராளம்.

ஆயுத்தயாவுக்கு டூர் எடுக்கணுமா?

தேவையில்லை. பாங்காக்கிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர்; பெரிய ரயில் நிலையமான க்ருங் தெப் அபிவாட்டில் ரயில் ஏறலாம். மூன்றாம் வகுப்பில் கட்டணம் ஒரு டீ விலைதான். அங்கே இறங்கி சைக்கிளோ டுக் டுக்கோ எடுத்துக்கொள்ளலாம். 1350 வாக்கில் எழுந்து 417 ஆண்டு ஆண்ட நகரம், 1991 முதல் யுனெஸ்கோ பட்டியலில். வாட் மஹாதாட்டில் அரச மர வேர்களுக்கு நடுவே புத்தர் தலை. படம் எடுக்கும்போது உங்கள் தலை அதை விட உயரமாக இருக்கக் கூடாது, குனிந்தோ உட்கார்ந்தோ எடுங்கள். தலையில்லாத சிலைகளின் மேல் தன் முகத்தை வைத்துப் படம் எடுப்பவர்களைக் காவலர்கள் விரட்டுவார்கள், சரியாகவே விரட்டுவார்கள். மதியம் நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள்.

பணம் எப்படி எடுத்துப் போவது?

சந்தையில் ரொக்கம்தான். கியூஆர் அட்டை எல்லாக் கடையிலும் தொங்கும், ஆனால் அது பெரும்பாலும் உள்ளூர் வங்கிக் கணக்குக்கு. ஏடிஎம்மில் ஒவ்வொரு தடவையும் 200 பாத்துக்கு மேல் பிடிப்பார்கள், எடுத்தால் மொத்தமாக எடுங்கள். விமான நிலையத்தில் டாக்சிக்கு மட்டும் மாற்றிக்கொண்டு மீதியை ஊருக்குள் மாற்றுவது லாபம். நோட்டில் மன்னர் படம் இருக்கும். கீழே விழுந்து பறந்தால் காலால் மிதித்து நிறுத்தாதீர்கள்.

சந்தையில் வாங்கினதற்கு வரி திரும்பக் கிடைக்குமா? எதைக் கொண்டுவரக் கூடாது?

தெருக்கடையில் கிடைக்காது. வரி திரும்பத் தரும் பலகை மாட்டின கடையில் ஒரே நாளில் 2000 பாத்துக்குக் குறையாமல் வாங்கி, பாஸ்போர்ட் காட்டி அங்கேயே படிவம் வாங்கியிருந்தால் மட்டும். பொருளைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பும் முன் சுங்க கவுன்ட்டரில் காட்டச் சொல்லலாம், ஆகவே விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

புத்தர் சிலை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: கழுத்தில் போடுகிற சின்னத் தாயத்துக்குத் தடையில்லை, சிலைக்கு நுண்கலைத் துறையின் ஏற்றுமதி அனுமதி வேண்டும். கடைக்காரர் 'பிரச்சினை இல்லை' என்பார், பிடிபடுவது நீங்கள். துரியன் பழத்தை ஓட்டல் அறைக்குள்ளேயே விடமாட்டார்கள், விமானத்தில் கேட்கவே வேண்டாம். உலர்த்தின துரியன், புளி மிட்டாய், வறுத்த தேங்காய்ச் சில் எல்லாம் ஓர் தோர் கோர் சந்தையில் நல்லதாகக் கிடைக்கும். சட்டுச்சக்குக்குப் பக்கத்துத் தெருதான்.